உறைவதற்கு முன் ஒரு மீன்

பிட்ச்ஃபோர்க் அணை,
அக்டோபர் 12, 1986

துடுப்புத் திருடிக்கு,

நேற்றுக் காலை படகுக் கொட்டகையைத் திறந்தேன். படகு இருந்தது. நங்கூரம் இருந்தது. எலி கடித்த மிதவைச் சட்டைகூட ஆணியில் தொங்கியது. துடுப்பு இரண்டையும் காணோம்.

முதலில் கர்டிஸைத்தான் சந்தேகப்பட்டேன். அணை மதகைத் திறந்து மூடுகிறவன், கொட்டகைச் சாவி அவனிடமும் ஒன்று இருக்கிறது. கூப்பிட்டுக் கேட்டதும் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். அவ்வளவு பெரிய ஆள் பொய் சொல்ல வராமல் நெளிவதைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"உங்க அக்கா போன வாரம் வந்தப்ப கார் மேல எதையோ கட்டிக்கிட்டுப் போனாங்க. பழைய கம்பளம்னு சொன்னாங்க."

"கம்பளத்துல ரெண்டு கட்டை நீட்டிக்கிட்டு இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"அப்பவும் நீ ஒண்ணும் கேக்கலையா?"

"உங்க அக்காகிட்டயா? நான் எதுக்கு?"

அவனையும் குறை சொல்ல முடியாது. பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பது பேரை மேய்த்தவள் நீ. உன்னைக் கேள்வி கேட்க அவனுக்கு ஏது தைரியம்?

ஆஸ்பத்திரியில் என் படுக்கைப் பக்கத்தில் உட்கார்ந்து நீதான் ஒப்பந்தம் பேசினாய். நினைவிருக்கிறதா, இல்லை அதையும் கம்பளத்தில் சுற்றிக்கொண்டு போய்விட்டாயா? அணைத் தண்ணீர் உறைவதற்கு முன் நான் தனியாக, யார் உதவியும் இல்லாமல், ஒரு பழுப்பு ட்ரவுட் மீன் பிடிக்க வேண்டும். முழங்கை நீளத்துக்குக் குறையக் கூடாது. கர்டிஸ் கண்ணால் பார்க்க வேண்டும். பிடித்துவிட்டால் நான் கீழே வந்து உன்னோடு இருப்பது பற்றி நீ இனி வாயே திறக்க மாட்டாய். பிடிக்காவிட்டால் பனி மூடிப் பாதை அடைபடுவதற்குள் நான் வீட்டைப் பூட்டிக்கொண்டு உன் பின்கட்டு அறைக்கு வந்துவிட வேண்டும். நான் சரி என்றேன். அப்போது வாய் கோணியிருந்தது, ஆனாலும் தெளிவாகத்தான் சொன்னேன்.

என்னால் முடியாது என்று அவ்வளவு நிச்சயமாக நம்புகிறவள் துடுப்பை எதற்குத் திருடுகிறாய்?

திருப்பி அனுப்பு. போன் செய்யாதே, எடுக்க மாட்டேன். போனில் நீ அழுவாய், நான் இளகிவிடுவேன். இந்த முறை அது நடக்காது.

லொரீன்

•

பியூப்லோ,
அக்டோபர் 17

லொரீன்,

ஆமாம், நான்தான் எடுத்தேன். உன்னிடம் மறைக்கவில்லை. கர்டிஸிடம்தான் மறைத்தேன், அதுவும் அவன் வாய் நிற்காது என்பதால்.

ஒரு கையால் துடுப்புப் போட்டால் படகு வட்டமடிக்கும், அவ்வளவுதான். பக்கவாதம் வந்து இடக்கை விழுந்துபோனவள், நவம்பர் காற்றில், ஆள் நடமாட்டமில்லாத தண்ணீருக்கு நடுவில் வட்டமடித்துக்கொண்டிருப்பதை நான் இங்கே உட்கார்ந்து நினைத்துக்கொண்டிருக்க வேண்டுமா? ஒப்பந்தத்தில் மீன் என்றுதான் பேச்சு. படகு என்று எங்கே சொன்னோம்?

நீ நினைக்கிற மாதிரி நான் கல்நெஞ்சுக்காரி இல்லை. ஈஸ்டர் அன்று காலை பன்றித் தொடையும் பூண்டு ரொட்டியும் எடுத்துக்கொண்டு உன் வீட்டுக்கு வந்தவள் நான். கதவு திறந்திருந்தது. காபிப் பாத்திரம் அடுப்பில் தீய்ந்து கருகிக் கிடந்தது. நீ தரையில் கிடந்தாய். கண் திறந்திருந்தது, என்னைப் பார்த்தாய், என் பெயரைச் சொல்ல வாய் வரவில்லை. எவ்வளவு நேரமாகக் கிடந்தாய் என்று டாக்டர் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. இன்றுவரை தெரியாது. ஈஸ்டராக இல்லாமல் சாதாரண நாளாக இருந்திருந்தால் யார் வந்திருப்பார்கள்? இதற்கு மட்டும் பதில் எழுது, துடுப்பைப் பார்சலில் அனுப்புகிறேன்.

பின்கட்டு அறைக்கு மஞ்சள் வர்ணம் அடித்தாகிவிட்டது. கிழக்கு ஜன்னல். இங்கேயும் தண்ணீர் இருக்கிறது, ஆறு நடக்கும் தூரம்தான். மீன் பிடிக்கத்தானே வேண்டும் உனக்கு?

கட்டினவர் ஹாரல்டும் போன பிறகு எனக்கென்று நீ ஒருத்திதான் இருக்கிறாய். அதைப் புரிந்துகொள்.

ஓபல்

•

பிட்ச்ஃபோர்க் அணை,
நவம்பர் 2

ஓபல்,

உன் கேள்விக்குப் பதில்: யாரும் வந்திருக்க மாட்டார்கள். செத்திருப்பேன். எழுதிவிட்டேன், போதுமா? இனி துடுப்பு வேண்டாம். நீயே வைத்துக்கொள், பல் குத்த உதவும்.

கரையிலிருந்தே பிடிக்கிறேன். அணைக்கரையில் இல்லை, அங்கே கர்டிஸ் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருக்கிறான். ஓடை வந்து விழுகிற வடக்கு மூலைக்குப் போகிறேன். மதகைத் திறந்துவிட்டதால் தண்ணீர் நன்றாக இறங்கிவிட்டது, கல் கரை வெளியே தெரிகிறது. பெரிய மீன்கள் ஆழத்தை விட்டு ஓரத்துக்கு வர ஆரம்பித்துவிட்டன. முட்டையிடும் சரளைத் திட்டுகளை மிதிக்காமல் மேலே பாறையில் நின்றுதான் எறிகிறேன், அதை நீ சொல்லித் தர வேண்டாம்.

எப்படி என்று கேட்பாய். கேட்காவிட்டாலும் உனக்குத் தெரிய வேண்டும் என்று எனக்குத் தெரியும், பதினாறு வயதில் இந்த ஊரிலேயே நீளமான மீனைப் பிடித்தவள் நீ. வலக்கையால் எறிகிறேன். எறிந்ததும் கம்பின் அடியைத் தொடைகளுக்கு நடுவில் இறுக்கிக்கொள்கிறேன். அதே வலக்கையால் ரீலைச் சுற்றுகிறேன். இடக்கையைக் கோட்டுப் பைக்குள் போட்டுவைத்திருக்கிறேன், வெளியே விட்டால் காற்றில் ஆடி என்னையே அடிக்கிறது.

பார்ப்பதற்கு அசிங்கமாகத்தான் இருக்கும். நேற்று இரண்டு வாத்து என்னைப் பார்த்துவிட்டு இடம் மாறி உட்கார்ந்தன.

கஷ்டம் கையில் இல்லை, குளிரில்தான். கம்பில் தூண்டில் நரம்பு ஓடுகிற வளையங்கள் ஒவ்வொன்றிலும் பனிக்கட்டி கட்டிக்கொள்கிறது. நாலு முறை எறிந்தால் நரம்பு நகர மறுக்கிறது. இரண்டு கை உள்ளவர்கள் ஒன்றில் கம்பைப் பிடித்து மற்றதால் தட்டிவிடுவார்கள். நான் கம்பைத் தண்ணீருக்குள் விட்டுக் கரைத்து எடுக்கிறேன், எடுத்ததும் மறுபடி கட்டுகிறது. இப்போது வளையங்களுக்குப் பன்றிக் கொழுப்பு தடவிக்கொண்டு போகிறேன். கோட்டு, கையுறை, தொப்பி எல்லாம் பொரித்த வாடை. கரடிகள் தூங்கப் போய்விட்டது நல்லதாகப் போயிற்று.

வியாழக்கிழமை ஒன்று மாட்டியது. நல்ல கனம். காலுக்கு நடுவில் இருந்த கம்பு திரும்பிவிட்டது, அதை நேராக்குவதற்குள் நரம்பு தளர்ந்தது, போய்விட்டது. பாறையில் உட்கார்ந்து உனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தை எல்லாவற்றையும், தெரியாத சிலவற்றையும் சொன்னேன்.

இன்னும் உறையவில்லை. நான் முடிக்கவில்லை.

லொரீன்

•

பியூப்லோ,
நவம்பர் 6

லொரீன்,

கம்பின் அடியைத் தொடைக்கு நடுவில் வைக்காதே. பெல்ட்டில் தோல் பை ஒன்று தைத்து அதில் செருகு, திரும்பாது. இதை உதவியாக எடுத்துக்கொள்ளாதே. முட்டாள்தனத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

எழுத வந்தது அதையில்லை. நீ போனை எடுக்காததால் கர்டிஸுக்குப் போன் செய்தேன். நீ விழுந்தாயாமே! இடுப்பளவு தண்ணீரிலாம். செவ்வாய்க்கிழமையாம். அவன் என்னிடம் சொல்லமாட்டான் என்று நினைத்தாயா?

"விழுந்துட்டாங்க, வீட்டுக்கு நடந்தே போயிட்டாங்க, நான் கூப்பிட்டும் வண்டியில ஏறல" என்கிறான். உடையெல்லாம் விறைத்துப் பலகை மாதிரி சத்தம் போட்டதாம்.

போதும், லொரீன். யாருக்கு எதை நிரூபிக்கிறாய்? இங்கே நான் உன்னைக் கட்டிப்போடப் போகிறேனா? வேளைக்குச் சாப்பாடு, பக்கத்தில் ஆள், இதற்குப் பெயர் சிறையா?

ஓபல்

•

பிட்ச்ஃபோர்க் அணை,
நவம்பர் 10

ஓபல்,

விழுந்தேன். எழுந்தேன். இரண்டாவதைக் கர்டிஸ் சொன்னானா?

ஈஸ்டர் அன்று எழ முடியவில்லை. செவ்வாய்க்கிழமை ஒரு கையால், நனைந்த கோட்டோடு, வழுக்குப் பாறையைப் பிடித்து எழுந்தேன். எனக்கு அது போதும். உனக்கு ஏன் போதவில்லை?

நிரூபிப்பதெல்லாம் ஒன்றுமில்லை. உன் அறையில் வேளைக்குச் சாப்பாடு வரும். நான் கேட்காமலே கோட்டு மாட்டிவிடுவாய். இறைச்சியைத் துண்டு போட்டுத் தட்டில் வைப்பாய். நல்ல மனசோடுதான் செய்வாய், அதுதான் கொடுமை. ஒரு குளிர்காலம் போதும், இந்த வலக்கையும் பையில் போய்ப் படுத்துக்கொள்ளும்.

தோல் பை தைத்துக்கொண்டேன். தோலைப் பல்லில் கடித்துக்கொண்டு தைத்தேன். நன்றாக நிற்கிறது. நன்றி சொல்ல மாட்டேன்.

லொரீன்

•

பிட்ச்ஃபோர்க் அணை,
நவம்பர் 16, ஞாயிறு

அக்கா,

பிடித்துவிட்டேன்.

கையுறையைக்கூடக் கழற்றாமல் எழுதுகிறேன், எழுத்தைப் பார்த்துக் கேலி செய்யாதே. மத்தியானம் காற்று நின்றது. ஓரத்தில் கண்ணாடி மாதிரி மெல்லிய பனித்தாள் பிடித்திருந்தது, அதை உடைத்துக்கொண்டுதான் தூண்டில் விழுந்தது. மூன்றாவது சுற்றிலேயே மீன் அடித்தது. அடித்ததும் ஓடவில்லை, அப்படியே நின்று தலையை மட்டும் ஆட்டியது. பெரியதுதான் அப்படிச் செய்யும், உனக்குத் தெரியும். பிறகு நேராக ஆழத்துக்கு இழுத்தது. ரீல் அழுதது. நான் பாறையில் உட்கார்ந்துவிட்டேன், கால் இரண்டையும் முட்டுக்கொடுத்துக்கொண்டு. தோல் பை கம்பை விடவில்லை. இழுத்தது, விட்டேன். நின்றது, சுற்றினேன். எவ்வளவு நேரம் என்று கேட்காதே, வியர்த்துப்போனேன்.

கடைசியில் ஓரத்துக்கு வந்து பக்கவாட்டில் சாய்ந்தது. கம்பைப் பாறையில் போட்டுவிட்டுக் குப்புறப் படுத்து வலக்கையைத் தண்ணீருக்குள் விட்டேன். முழங்கை நீளம் கேட்டாயே, என் விரல் நுனியிலிருந்து முழங்கையைத் தாண்டி இன்னும் நாலு விரல் போனது. வெண்ணெய் நிறம், பக்கத்தில் சிவப்புப் புள்ளிகள். வயிறு உப்பியிருந்தது. கை வைத்ததும் வாலடியிலிருந்து இரண்டு முட்டை வெளியே வந்தது. ஆரஞ்சு நிறத்தில், என் உள்ளங்கையில்.

முட்டைக்காரி, அக்கா.

நம் ஊரில் இந்த மாதத்தில் முட்டை மீனைக் கரையேற்றியவன் யாராவது உண்டா? டென்வர்க்காரன் ஒருத்தன் இரண்டை வண்டிக் கண்ணாடியில் தொங்கவிட்டுக்கொண்டு மாக்ஸின் நடத்துகிற காபிக் கடைக்கு வந்தானே! காலிக் கோப்பையை அவன் முன்னால் வைத்துவிட்டுக் கடை சாத்தும்வரை அவள் அந்தப் பக்கமே திரும்பவில்லை. நீதான் அப்போது பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தவள்.

கர்டிஸ் வீடு அணையின் அந்தக் கோடியில். ஒரு கையில் அந்த மீனைத் தூக்கிக்கொண்டு அவ்வளவு தூரம் நடந்தால் மீன் பிழைக்காது. கத்தினேன், அவனுக்குக் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை, ரேடியோவில் ஆட்டம் கேட்டுக்கொண்டிருந்திருப்பான். அவன் வரும்வரை கரைக் கல்லில் போட்டுவைத்திருக்கலாம். போட்டிருந்தால் இந்த வீடு என்னுடையது. தெரிந்துதான் இருந்தது. கொஞ்ச நேரம் யோசிக்கவும் செய்தேன், அதை மறைக்கவில்லை.

முள்ளைக் கழற்றி விட்டுவிட்டேன். கொஞ்சம் என் கையிலேயே நின்றாள், பிறகு போய்விட்டாள்.

இன்று ராத்திரி எப்படியும் உறைந்துவிடும், இனி மீன் கிடையாது. காட்ட என்னிடம் எதுவும் இல்லை. நான் சொல்வதுதான் இருக்கிறது.

லொரீன்

•

பியூப்லோ,
நவம்பர் 20

லொரீன்,

உன் கடிதம் கிடைத்தது. பெரிய மீன் மாட்டியது, விட்டுவிட்டேன். தூண்டில் பிடித்தவன் ஒவ்வொருவனும் சொல்கிற கதை இது. ஹாரல்ட் இதே கதையைக் கல்யாணமான நாளிலிருந்து சொன்னார், ஒவ்வொரு வருஷமும் மீன் வளர்ந்துகொண்டே வந்தது.

கர்டிஸ் பார்க்க வேண்டும் என்பது பேச்சு. அவன் பார்க்கவில்லை. நான் நம்பவில்லை. நம்ப வேண்டிய கட்டாயமும் எனக்கில்லை. ஒப்பந்தம் ஒப்பந்தம்தான், நீ தோற்றுவிட்டாய்.

சனிக்கிழமை பெட்டிகளோடு வருகிறேன். துணிமணியை எடுத்து வை. குழாய்களில் தண்ணீரை வடித்துவிடக் கர்டிஸிடம் சொல்லிவிட்டேன்.

ஓபல்

•

பிட்ச்ஃபோர்க் அணை,
நவம்பர் 21

இதைக் கர்டிஸ் உன் ஊருக்கு வரும் லாரிக்காரன் கையில் கொடுத்தனுப்புகிறான், நாளைக்கு நீ கிளம்புவதற்குள் கிடைக்கட்டும்.

என்னைப் பிடிவாதக்காரி என்று சொல்லியிருக்கிறாய். பைத்தியம் என்று சொல்லியிருக்கிறாய். பொய்க்காரி என்று இதுவரை சொன்னதில்லை. தப்பிய மீனைப் பற்றி எல்லோரும் பொய் சொல்வார்கள், நானும் சொல்லியிருக்கிறேன். கையில் பிடித்து விட்ட மீனைப் பற்றி யாரும் சொல்வதில்லை. அந்த வித்தியாசம் உனக்குத் தெரியும். தெரிந்தே எழுதியிருக்கிறாய்.

சரி, நான் தோற்றேன். சாட்சி இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வர மாட்டேன். லொரீன் பேச்சு மாறினாள் என்று ஊர் முழுக்கச் சொல், நானும் சேர்ந்து சொல்கிறேன். பேச்சு மாறியவளாக என் வீட்டில் இருப்பேன், பேச்சைக் காப்பாற்றியவளாக உன் மஞ்சள் அறையில் இருக்க மாட்டேன்.

குழாயில் கை வைத்தால் தூண்டில் கம்பால் அடிப்பேன் என்று கர்டிஸிடம் சொல்லிவிட்டேன். ஒரு கை போதும் அதற்கு.

லொ.

•

பியூப்லோ,
நவம்பர் 30

லொரீன்,

லாரிக்காரன் வெள்ளிக்கிழமை ராத்திரியே கொடுத்துவிட்டான். படித்துவிட்டுத்தான் வந்தேன். உன் வாசலில் நான் நின்றதையும் கத்தியதையும் ஊரே பார்த்திருக்கும், பரவாயில்லை.

"கதவத் தொறடி!"

"பெட்டிய மலைக்குக் கீழ விட்டுட்டு வா, தொறக்கிறேன்."

"வெறும் பெட்டிதான்டி!"

"காலிப் பெட்டியப் பாத்தாத்தான் எனக்குப் பயம்."

உள்ளே இருந்து நீ சிரித்தாய். எனக்குக் கேட்டது. அந்தக் கோபத்தில்தான் காரில் போய் எஞ்சினைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். நான் கிளம்பிவிட்டேன் என்று நினைத்துப் பின்கதவு வழியாக விறகு பிளக்க வந்தாய். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டையைக் கல் சந்தில் செருகி, காலால் மிதித்து நிறுத்தி, ஒரு கையால் கோடாலியை ஓங்கினாய். முதல் வெட்டு தவறியது, கட்டை உருண்டது. போய் எடுத்து வந்தாய். மறுபடி தவறியது. நான் கார்க் கதவைத் திறந்து ஒரு காலைக் கீழே வைத்துவிட்டேன், லொரீன். ஓடி வந்து பிடுங்கியிருப்பேன். அப்போது பிளந்தது. நீ நிமிர்ந்து சுற்றுமுற்றும் பார்த்தாய், யாராவது பார்த்தார்களா என்பது போல, ரொம்பக் கர்வமாக. உள்ளே கொண்டுபோனாய். நான் காலை உள்ளே எடுத்துக்கொண்டு வண்டியை நகர்த்தினேன்.

மாக்ஸின் கடையில் காபி குடிக்க நின்றேன். கர்டிஸ் இருந்தான். "லொரீன் பொய் சொல்லி நீங்க கேட்டதுண்டா?" என்று கேட்டான். என்னிடம் கேள்வி கேட்கிற தைரியம் அவனுக்கு வந்துவிட்டது பார். காபிக் காசை வைத்துவிட்டு வந்துவிட்டேன். அவனுக்குச் சொல்லாததை உனக்குச் சொல்கிறேன்.

நான் உன்னை நம்பினேன். முதல் பக்கத்திலேயே நம்பினேன். மீன் ஓடாமல் நின்று தலையை ஆட்டியது என்று படித்ததும் சமையலறையில் நின்றபடி "விடாதடி, விடாத!" என்று கத்தினேன். பக்கத்து வீட்டுக்காரி என்னவோ ஏதோ என்று ஓடி வந்தாள். அவளிடம், என் தங்கச்சி பிடிச்சுட்டா, ஒத்தக் கையால பிடிச்சுட்டா என்று சொன்னேன். அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

அவள் போன பிறகு உட்கார்ந்து நம்பவில்லை என்று உனக்கு எழுதினேன். சாட்சி இல்லை என்று நீயே எழுதியிருந்தாய், அதைப் பிடித்துக்கொண்டேன். நம்பினால் நீ அங்கேயே இருப்பாய். ஒரு நாள் யாராவது எனக்குப் போன் செய்வார்கள். அந்தப் போனைத் தடுக்க உன்னைப் பொய்க்காரி ஆக்கினேன். நம் இருவரில் பொய் சொன்னது நான்.

நீ ஜெயித்தாய். இனி வாயைத் திறக்க மாட்டேன். ஆனால் எனக்குப் பயம் போகவில்லை, போகும் என்று எதிர்பார்க்காதே. அதை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

ஓபல்

•

பிட்ச்ஃபோர்க் அணை,
டிசம்பர் 5

அக்கா,

உன் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன், பிறகு உட்கார்ந்து படித்தேன். பக்கத்து வீட்டுக்காரியைக் கட்டிப்பிடித்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன். அதற்காக உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துவிடாதே. கோபம் பாதிதான் போயிருக்கிறது. மீதியை இந்தக் குளிர்காலம் முழுக்க வைத்துச் சாப்பிடப் போகிறேன்.

நீ காரில் இருந்தது தெரியும். கார்ப் புகை வந்துகொண்டிருந்ததே. முதல் இரண்டு வெட்டும் அதனால்தான் தவறியது.

பயத்தை என்ன செய்வது என்று கேட்கிறாய். எனக்கும் தெரியாது. எனக்கும் இருக்கிறது, அதை உன்னிடம் சொன்னதில்லை. காலையில் காபி வைக்கும்போதெல்லாம் அடுப்புக்கு முன்னால் கால் கூசுகிறது, அந்தத் தரையைப் பார்க்காமல் தாண்டுகிறேன். அந்தச் செவ்வாய்க்கிழமை தண்ணீருக்குள் போனபோது உன் பெயரைத்தான் சொன்னேன். இந்த முறை வாய் வந்தது. ஒரு நாள் மறுபடி விழுவேன், அப்போது நீ வந்து சேராமலும் போகலாம். விழுந்தால் என் வீட்டில், என் காபி கருகுகிற வாடையில் விழுகிறேன். உனக்கு அது அநியாயம்தான். அப்படியும் நான் இங்கேதான் இருப்பேன்.

பாதை நாளை அடைபடுகிறது. ஏப்ரல்வரை கர்டிஸின் பனி வண்டியில்தான் தபால்.

அணை முழுக்க உறைந்துவிட்டது. இன்று காலை இரும்புக் கடப்பாரையால் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டு வடக்கு மூலையில் கொஞ்ச தூரம் மேலே நடந்தேன். கத்தாதே. ஒவ்வொரு அடிக்கும் தட்டினேன், தனியாகத்தான் போனேன், தனியாகத்தான் திரும்பி வந்தேன். வந்து உனக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன். இப்போது இதைப் படிக்கிற இந்த நிமிஷம் உனக்குப் பயமாக இருக்கிறதல்லவா? இருக்கட்டும். பயந்துகொண்டே பதில் எழுது.

உன் தங்கை,
லொரீன்